தண்ணீரில் வந்த பதில்

இது நிஜமாக நடந்தது, கண்ணுங்களா. இல்லாததைக் கட்டிச் சொல்லவும் எனக்குத் தெரியும். ஆனால் இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அமுதவல்லி என் எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மறைத்துக்கொண்டு சொன்னது. ராத்திரியில் நடந்ததும் இல்லை. நல்ல வெயில். சாயங்காலம் நாலேகால் மணி. தனியாக இருக்கிறவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள், சாமி.

பழவேற்காட்டுக்கு அந்தாண்டை, ஏரியை ஒட்டி ஒரு சின்னக் குப்பம். அங்கே வலை இல்லாமல், வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள் அமுதவல்லி. கழுத்தளவு தண்ணீரில் மண்டிபோட்டு நகர வேண்டும். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, தண்ணீரைக் கையால் தட்டுவார்கள். ஒரு தட்டு தட்டினால், ‘இருக்கியா?’ பதிலுக்கு ஒரு தட்டு வந்தால், ‘இருக்கேன்.’ பதில் வரவில்லை என்றால் பறியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். யாரோடு என்ன சண்டை இருந்தாலும் ஓட வேண்டும்.

அவளுக்கு ஜோடி, புருஷனின் தங்கை மாலதி. கட்டினவனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்தச் சமயம் பதினெட்டு நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. “வந்த வழியப் பாத்துப் போ” என்று அமுதவல்லி ஒரு கோபத்தில் சொல்லிவிட்டாள், அதிலிருந்து. ஒரே அடுப்பு, ஒரே கூரை. அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சு இந்தத் தண்ணீர்த் தட்டுதான். அதிலும் மாலதியின் பதில் தாமதமாகத்தான் வரும். போனால் போகிறது என்பது மாதிரி, மெதுவாக.

போன மாசி மாசம் அந்தக் குப்பத்துக்குப் படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். ஒரு பேய் நாவலை டிவி தொடராக எடுக்கிறார்களாம். கொலை, போலீஸ், செத்தவள் திரும்பி வருவது, எல்லாம் உண்டாம். நடிகைக்குச் சேறு ஒத்துக்கொள்ளாது. அவளுக்குப் பதில் சேற்றைத் துழாவ அமுதவல்லியைப் பிடித்தார்கள். பிணமாக மிதக்க மாலதியை.

“ரெண்டு பேரும் ஒரே வீடா?” என்று டைரக்டர் பிரதாப் கேட்டார்.

“வூடு ஒண்ணுதான் சார். அவங்க மகாராணி, நான் பொணம்,” என்றாள் மாலதி, அண்ணி முகத்தைப் பார்க்காமல்.

“பொணம் வாயாடாதுன்னு சொல்லி வையி சார்,” என்றாள் அமுதவல்லி.

அமுதவல்லியின் புருஷன் சுப்பன் அவளைத் தனியே இழுத்துப் போனான். “சண்டைய கரையோட வெச்சுக்கோ. தண்ணில என் தங்கச்சிக்கு நீதான் பொறுப்பு. இன்னா?”

“எனுக்குத் தெரியாதா? அவளுக்குப் பறி கவ்வக் கத்துக் குட்த்ததே நான்தான்யா. போ.”

மணி மூணு ஐம்பது. ஒப்பனைக்காரப் பெண் மாலதியைப் படகுக்குப் பின்னால் கூட்டிப்போய் என்னவோ செய்தாள். என்ன செய்தாள் என்று அமுதவல்லி கேட்கவில்லை. மாலதியும் சொல்லவில்லை. பேச்சுதான் இல்லையே. படகின் அந்தப் பக்கமாகவே மாலதி தண்ணீரில் இறங்கினாள். அமுதவல்லிக்கு இடது கைப்பக்கம், இருபதடி தூரம். மாரளவு தண்ணீர். அவளுடைய முறை வரும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

நாலு ஐந்துக்குப் புகை போட்டார்கள். பேய்க் கதை இல்லையா, ஏரி மேல் மூட்டமாக இருக்க வேண்டுமாம். வெள்ளைப் புகை. படகு மறைந்தது. கரை மறைந்தது. காமிரா மட்டும் எதிரே, ஒற்றைக் கண்ணாக.

நாலு பத்து. அமுதவல்லி மண்டிபோட்டு நகர்ந்தாள். பழக்கம் விடவில்லை. தண்ணீரை ஒரு தட்டு தட்டினாள்.

தொப்.

உடனே பதில் வந்தது. தொப்.

இவ்வளவு சீக்கிரமா? அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. கோபம் தீர்ந்துவிட்டது போல, ராத்திரி நாமே பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு பதிமூணு. மறுபடி தட்டினாள். பதில் வந்தது. முன்னைவிடச் சத்தமாக. ஆனால்... வலது பக்கத்திலிருந்து.

மாலதி நின்றது இடது பக்கம்.

புகையில் சத்தம் திசை மாறும் என்று தேற்றிக்கொண்டாள். கை துழாவியபடியே இருந்தது. ஒரு இறால் இல்லை. ஒரு நண்டு இல்லை. சேறு சில்லென்று கிடந்தது.

நாலேகால். மூன்றாவது முறை தட்டக் கையைத் தூக்கினாள்.

தொப்.

கை இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. பதில் முந்திக்கொண்டது.

வாயிலிருந்த பறி விழுந்தது. இறால் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் பறியைத் தவறவிட்டதில்லை.

“மாலதி!”

இடது பக்கம் களுக் களுக்கென்று குமிழி. வலது பக்கம் தொப்... தொப்... தொப்... வா வா என்பது போல.

அவள் இடது பக்கம் பாய்ந்தாள். முங்கித் துழாவினாள். ஒரு கை தட்டுப்பட்டது.

பிடித்து இழுத்தாள். அந்தக் கையும் இழுத்தது... ஆழத்துப் பக்கம்.

மாலதிக்கு வலது சுட்டுவிரல் வளைந்திருக்கும். எப்போதோ கெளுத்தி மீன் முள் குத்தியதில். இந்தக் கையில் எல்லா விரலும் நேர். சேறே படாத, பஞ்சு மாதிரிக் கை.

இன்னொரு கை வந்து அவள் மணிக்கட்டைக் கவ்வியது.

அமுதவல்லி, ஆளைப் பிடிக்க, அந்த விரல்களைத் தாண்டி மேலே துழாவினாள். உள்ளங்கை. மணிக்கட்டு.

அதற்கு மேல்...

ஒன்றும் இல்லை. தண்ணீர்தான்.

உதறினாள். கத்தினாள். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. அப்போது காலில் என்னவோ சுற்றியது.

முடி.

மாலதியின் முடி. அதைப் பற்றிக்கொண்டு மேலே இழுத்தாள்.

கத்தல் கேட்டு ஓடி வந்தவர்கள் நாலு இருபத்தொன்றுக்கு மாலதியைக் கரையில் கிடத்தினார்கள். சுப்பன் தங்கையைக் குப்புறப் புரட்டினான். அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். மாலதியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால், சேலைத் துணியால் இறுகக் கட்டப்பட்டிருந்தன.

மாலதி தண்ணீரைக் கக்கினாள். கண் திறந்தாள்.

“கால் பொதஞ்சுட்ச்சு அண்ணி...” பதினெட்டு நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு. “நீ தட்டுனது கேட்டுது. நான் தட்டல. கைய...”

“எந்தப் பாவி கட்னது?” என்று சுப்பன் பிரதாப்பின் சட்டையைப் பிடித்தான்.

“கதைக்காகத்தாங்க...” என்றார் பிரதாப். “பொணத்துக்குக் கை தெரியக் கூடாது. நாவல்ல கொலைகாரன் ரெண்டு கையையும் மணிக்கட்டோட வெட்டி ஏரியில போட்டுடுவான்.”

தண்ணீருக்குள் என்ன தட்டுப்பட்டது என்று அமுதவல்லி அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“அந்தக் கை?” என்றாள்.

“கடைசி வரைக்கும் கிடைக்காதும்மா.”

புகை கலைந்தது. ஏரி காலியாக இருந்தது. இறங்கினவர்கள் எல்லாரும் கரையில். சுப்பன் தங்கையின் கட்டை அவிழ்த்தான்.

தொப்.

ஏரிக்குள்ளிருந்து. ஒரே ஒரு தட்டு. ‘இருக்கியா?’

மாலதியின் வலது கை, பழக்க தோஷத்தில், பதில் தட்ட எழுந்தது. ஈரச் சேற்றில் படுவதற்குள் அமுதவல்லி அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

தொடர் வந்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அந்தக் குப்பத்துப் பெண்கள் இப்போது தண்ணீரைத் தட்டுவதும் இல்லை. இடுப்போடு இடுப்பு கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். மாலதி மட்டும் இறங்குவதே இல்லை. தினமும் நாலேகாலுக்கு, தூக்கத்தில் இருந்தாலும், சோற்றில் இருந்தாலும், அவள் வலது கை தானாக எழுகிறது.

எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, நாலு மணிக்கே அமுதவல்லி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள.