முனியப்பன் என்று பேர் எழுதிய டேங்க்

1. பீடியோடு வந்தவர்

எண்பதுகளில் மொரப்பூரில் ஒரு தனியார் ஒர்க்ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த ஷெட்டில் ஆங்கிலப் புத்தகம் படித்து இன்ஜினைப் பற்றிப் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நல்லம்பள்ளி மாங்காய் மண்டிக்காரர் ஒருவருடைய பெட்ரோல் ஜீப் உள்ளே வந்தது. டேங்க் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த டிரைவர் மாதையன் வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. எங்கள் பற்றவைப்புக்காரர் சூசை ஒரே ஓட்டமாக ஓடிப் போய், அந்தப் பீடியைப் பிடுங்கி மணல் வாளியில் அமுக்கினார்.

மாதையனுக்குக் கோபம். "ஏய்யா, இப்பத்தான் பத்த வெச்சேன்."

"நானும் அதான் பயந்தேன். நல்லம்பள்ளியிலிருந்து இப்படியே வந்தீங்களா?"

"வழியெல்லாம் சோப்பு அப்பிக்கிட்டேதான் வந்தேன்."

அது உண்மை. டேங்க்கின் அடி மடிப்பில் மஞ்சள் பார் சோப்பு அப்பியிருந்தது. பெட்ரோலில் சோப்பு கரையாது. அதனால் அந்தக் காலத்தில் ஜீப் டிரைவர்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் இல்லாமல் போவார்கள், சோப்பு இல்லாமல் போக மாட்டார்கள். பக்கத்து ஒர்க்ஷாப் வரை வந்து சேர அது போதும். மாதையன் அந்தச் சோப்பிலேயே இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார்.

எங்கள் ஒர்க்ஷாப் முதலாளியின் உத்தரவு ஒன்றே ஒன்று. மண்டிக்காரர் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வருகிறார்கள். நாலு மணிக்கு ஜீப் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும்.

2. ஞானஸ்நானம்

சூசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. எட்டாவது வரை படித்தவர். டேங்க் பற்றவைப்பில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார். வண்டியை வெளியே தள்ளிப் பெட்ரோலைத் தகர டின்னில் வடித்து, ஷெட்டுக்குத் தூரமாகக் கொண்டுபோய் வைப்பார். டேங்க்கை இறக்கி, சோடா உப்புப் போட்ட வெந்நீரால் வாய் வரை நிரப்பிக் குலுக்கிக் கொட்டுவார். இப்படி மூன்று தரம். பிறகு வெயிலில் வாயைத் திறந்து காயப் போடுவார். இதெல்லாம் முடிந்தால்தான் சாக்பீஸை எடுத்து டேங்க் மேல் ஒரு பேர் எழுதுவார். மிக்கேல், லூர்து, அந்தோணி என்று. பேர் இல்லாத டேங்க் பக்கம் யாரும் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. ஷெட்டில் எல்லோரும் இதை ஞானஸ்நானம் என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரை வைத்தவரும் சூசைதான்.

வண்டிக்காரர் இந்துவாக இருந்தால் சாமிப் பெயரையும் மாற்றிக்கொள்வார். மாதையன் முதலிலேயே சொல்லிவிட்டார். "எங்க வண்டிக்கு அந்தோணி கிந்தோணி வேண்டாம். முனியப்பன்னு எழுதிடு."

"எழுதிடலாங்க. தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அன்று அந்தத் தண்ணீர்தான் இல்லை. கோடைக் காலம். கிணறு வற்றி, டிரம்மில் அரைக்குக் கீழே நின்றது. அத்தோடு சூசைக்கு வேறு ஒரு அவசரம். ஞாயிற்றுக்கிழமை கடத்தூரிலிருந்து பெண் வீட்டார் அவரைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. மீசையை ஒழுங்கு செய்ய சலூனுக்குப் போக வேண்டும். நான் பெரிய மனது பண்ணினேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள், டேங்க்கை நான் கழுவி வைக்கிறேன் என்றேன்.

"மூணு தரங்க சார்" என்று மூன்று விரலைக் காட்டிவிட்டு அவர் போனார்.

3. என் மூக்கு

சூசை பெட்ரோலை வடித்து இறக்கி வைத்திருந்த டேங்க்குக்குள் அளவுக் குச்சியை விட்டேன். காய்ந்து வந்தது. பெட்ரோல் இல்லாத டேங்க்கில் எரிவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். டிப்ளமாவில் ஆவியைப் பற்றி ஒரு பாடமே உண்டு. நிறைந்த டேங்க்கைவிடக் காலியான டேங்க்தான் ஆபத்து, மிச்சம் இருக்கும் ஆவி காற்றோடு கலந்து நிற்கும் என்று அதில் இருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான்.

ஆனால் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பட்டது. அரை வாளி பச்சைத் தண்ணீர் விட்டு ஒரு தரம் அலசிக் கொட்டினேன். வாசனை வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு நான்கு நாளாகக் கடுமையான ஜலதோஷம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மல்லிகைப்பூவை வைத்தாலும் வாசனை தெரிந்திருக்காது.

சாக்பீஸை எடுத்து, அழகான கையெழுத்தில் முனியப்பன் என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு சூலம்கூட வரைந்தேன்.

சூசை புது மீசையோடு வந்தார். பேரைப் பார்த்தார். ஆனாலும் கேட்டார்.

"மூணு தரம் ஆச்சுங்களா?"

"ஆச்சு."

அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவர் ஈயம் உருக்கும் ப்ளோ லேம்பைப் பற்றவைத்து, டேங்க் பக்கம் குனிந்தார். பெரிய சத்தம் கேட்டது. டேங்க் எழும்பி ஷெட் கூரை மேல் போய் விழுந்தது. புகை விலகியபோது சூசை நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்துக்கு முன் செதுக்கிய மீசை இல்லை. புருவமும் இல்லை. கையில் லேசான தீக்காயம். வலது காதைப் பொத்தியிருந்தார்.

மாதையன் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். "முனியப்பன் எந்திரிச்சுட்டாருங்க."

முதலாளி ஓடி வந்தார். சூசைக்குப் பெரிதாக அடியில்லை என்று தெரிந்ததும் அவர் பயம் கோபமாக மாறியது.

"கழுவினியா இல்லையா? இதுதான் உன் ஞானஸ்நானமா?"

சூசை என்னைப் பார்த்தார். நான் குனிந்து, கீழே கிடந்த ஒரு நட்டைப் பொறுக்கினேன். அது ஒன்றுக்கும் உதவாத நட்டு.

அன்றிலிருந்து சூசைக்கு டேங்க் வேலை கிடையாது, கிரீஸ் அடிக்கும் வேலை என்று உத்தரவானது. மாப்பிள்ளை வீட்டார் மாட்டு வண்டியில் போனார்கள்.

4. நல்ல பையன்தான்

மறுநாள் சனிக்கிழமை ஒரு பெரியவர் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். கடத்தூரில் லாரி ஓட்டுகிறவர். சூசைக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா. தீக்காயத்துக்கு மருந்து கட்டிக்கொள்ள சூசை தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் பெரியவர் வந்தார் என்று நினைக்கிறேன். படித்தவன் என்பதால் என்னைத் தேடி வந்தார்.

"டிரைவருங்க பேசிக்கறாங்க, டேங்க்கைக் கழுவாமயே நெருப்பு வெச்சான்னு. எனக்கு ஒரே பொண்ணுங்க. நாளைக்கு வூட்ல அடுப்புக்கிட்டயும் இப்படி இருந்தா என்ன பண்றது? நீங்க கூட இருக்கறவரு. சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

"நல்ல பையன்தாங்க. இனிமே ஜாக்கிரதையா இருப்பாரு."

பெரியவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறப் போனார். சும்மா இருந்திருந்தால்கூடப் பாதிப் பழிதான் நின்றிருக்கும். 'இனிமே' என்று சொல்லி முழுப் பழியையும் நானே ஏற்றி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வரவில்லை.

திங்கட்கிழமை சூசை ஒரு லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அடியிலிருந்தே பேசினார். அவர் முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது.

"பொண்ணு வூட்ல வேண்டான்னுட்டாங்க சார். அன்னைக்கு முதலாளி கேட்டப்ப நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். சனிக்கெழமை அவரு வந்தப்பவாவது சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நீங்களே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி.

"சூப்பர்வைசர் கழுவலைன்னு கிரீஸ்காரன் சொன்னா யாருங்க நம்புவாங்க?"

5. மூன்று தரம்

நேராக முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"டிப்ளமாவுல இதையும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஏணியைக் காட்டினார். கூரை மேல் கிடந்த டேங்க்கை நானே ஏறி இறக்கினேன். மடிப்பு பிளந்து, வாய் பிளந்த மீன் போல இருந்தது. என் அழகான கையெழுத்தும் சூலமும் மட்டும் அழியாமல் இருந்தன.

மதிய பஸ்ஸில் கடத்தூர் போனேன். பெரியவர் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"நீங்க சொல்றதை நம்பறேங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றோம்னு சொல்லிடுங்க. அப்புறம் பொண்ணு ஒண்ணு கேட்டு வரச் சொன்னா. புருவம் மறுபடி மொளைக்குமான்னு."

முளைக்கும் என்று உறுதி கொடுத்தேன். அதுவும் பாதிதான் பலித்தது. கல்யாணப் போட்டோவில் இடப் புருவம் சொந்தம், வலப் புருவம் மைப் பென்சில்.

சூசை மறுபடி டேங்க் வேலைக்கு வந்தார். ஷெட்டில் புது விதி வந்தது. நெருப்பு வைப்பவர்தான் கழுவ வேண்டும், அவர்தான் பேர் எழுத வேண்டும். மேலும், ஒழுகும் இடம் மேலே வரும்படி டேங்க்கைத் திருப்பி வைத்து, அதற்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பற்றவைப்பு. உள்ளே ஆவி நிற்க இடம் இருக்கக் கூடாது. இதைப் படிக்கும் இளம் மெக்கானிக்குகள் இந்த அளவுக்கும் போக வேண்டாம். டேங்க் ஒழுகினால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஸ்டார்ட் பண்ணாதீர்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், பீடியை ஊருக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். பழைய டேங்க்கில் நெருப்பு வைப்பதைவிடப் புது டேங்க் மாட்டுவது மேல். மூக்கை ஒருநாளும் நம்பாதீர்கள். யாராவது "ஆச்சா?" என்று கேட்டால், ஆன பிறகு மட்டும் ஆச்சு என்று சொல்லுங்கள்.

கடத்தூரிலிருந்து நான் திரும்பிய அந்த மாலைக்கு வருகிறேன். சூசை ஒர்க்ஷாப் வாசலில் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் வலப்பக்கம் போய் உட்கார்ந்து, சன்னமான குரலில், என்னை மன்னிச்சுடுங்க சூசை என்றேன்.

"இந்தக் காது கேக்கலைங்க சார்."

எழுந்து இடப்பக்கம் போய்ச் சொன்னேன்.

"லாரி போச்சுங்களா, காதுல சரியா வுழல."

மூன்றாவது தரம் எழுந்து நின்று, எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். சூசை விரல் விட்டு எண்ணினார்.

"ம். மூணு தரம் ஆச்சு."

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, என் நெஞ்சில், சட்டை மேல், என் பெயரைக் கோணல் மாணலாக எழுதினார். அதோடுதான் நான் வீட்டுக்கு நடந்து போனேன்.

சட்டையைத் துவைத்ததும் எழுத்து போய்விட்டது. அவருக்கு அந்த வலது காது இன்று வரை திரும்பவில்லை.