நாற்பத்தொரு மில்லிமீட்டர்

"உன் புள்ளைக்கு எத்தனை மில்லிமீட்டர்?"

தைவானில், தைனான் நகர ஆஸ்பத்திரியில், குழந்தைகளின் இதயத்துக்கு எக்கோ எடுக்கும் அறை வாசலில் யார் வந்து உட்கார்ந்தாலும் மெய்யூன் கேட்பது இதைத்தான். பேரும் ஊரும் அப்புறம். பதில் வந்ததும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு விரித்துப் பார்ப்பாள். தன் மகளின் கட்டியைவிடப் பெரிதென்றால் முகம் தெளியும். சின்னதென்றால் ஒரு வாழ்த்தோடு அன்றைக்கு அந்தத் தாயிடம் பேச்சு முடிந்தது.

மகள் பெய்ச்சிக்கு ஒன்பது வயது. இதயச் சுவரில் நாற்பத்தொரு மில்லிமீட்டருக்கு ஒரு நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் தானாகக் கரையாது, துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தாறுமாறாகலாம், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாலு தடவை சொல்லியாயிற்று. சம்மதப் படிவம் ஓர் ஆண்டாக மெய்யூனின் பையில் மடிந்து கிடக்கிறது.

அதே பையில் பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றும் இருக்கும். அந்தத் தின்பண்டத்தின் பெயருக்கே 'சமர்த்தா இரு' என்று அர்த்தம். அதை மெஷின் மேல் வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. பச்சைதான் ஆகும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டியிருக்கக் கூடாது. பெய்ச்சியின் முறை வரும்போதெல்லாம் மெய்யூன் அதை எக்கோ மெஷின் மேல் வைத்துவிடுவாள்.

"மெஷின் நல்லாத்தானே இருக்குக்கா" என்று சிரிப்பாள் எக்கோ எடுக்கும் பெண்.

"மெஷினுக்கு இல்லடி, கட்டிக்கு. அதுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

மெய்யூனுக்கு வயிறெரிவது ருவோஹானைப் பார்த்துத்தான். கைக்குழந்தையோடு வருகிற சின்னப் பெண். அந்தக் குழந்தைக்குப் பிறக்கும்போதே இதயத்தில் மூன்று கட்டிகள். அவை வேறு வகை, பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். பெரியது பதினெட்டிலிருந்து பதினொன்றானது, பிறகு ஆறானது. ஒவ்வொரு எண்ணுக்கும் மெய்யூன் வாய்நிறைய வாழ்த்துவாள். வீட்டுக்குப் போய்க் கணவனிடம் கொட்டித் தீர்ப்பாள்.

"அவளுக்கு மூணு இருந்துச்சு, மூணும் கரையுது. நம்ம பொண்ணுது ஒண்ணே ஒண்ணு, அதுக்கென்ன கேடு? இன்னும் மூணு மாசம் பாப்போம்."

இந்த முறை ருவோஹான் அறையை விட்டு வெளியே வந்தபோதே மெய்யூனின் விரல்கள் தயாராக இருந்தன.

"ஒண்ணுமே இல்லக்கா. சுத்தமாப் போயிடுச்சாம்."

"உனக்கென்னம்மா, குடுத்து வச்சவ." என்றாள் மெய்யூன்.

ருவோஹான் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன வாரத்துலேருந்து புள்ளைக்கு வலிப்பு வருதுக்கா. மூளையிலயும் கட்டி இருக்காம், பல இடத்துல. எல்லாத்தையும் வெட்டவும் முடியாதாம், காலம் பூரா மருந்துதானாம். உங்க பொண்ணுக்கு ஒரு தடவை வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது. கோவிச்சுக்காதீங்கக்கா, உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

மெய்யூன் விரித்திருந்த விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு பையைத் துழாவிப் பச்சைப் பொட்டலத்தை எடுத்து, ருவோஹான் மடியில் கிடந்த குழந்தையின் தலைமாட்டில் வைத்தாள்.

"தேதி பாத்து வாங்குனது. அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும்."

படிவத்தை வெளியே எடுத்து முழங்கால்மேல் வைத்து மடிப்பை நீவினாள். பெய்ச்சியைக் கூப்பிட வாசலுக்கு வந்த எக்கோ எடுக்கும் பெண்ணிடம், கையெழுத்துப் போடப் பேனாவுக்குக் கை நீட்டினாள்.