சக்கரத் தோணியும் ஒரு வருடமும்

எழுபது வயதுக்கு மேல் ஒருவன் சிறுவர்களுக்குச் சாகச நாவல் எழுதினான் என்றால் அவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பீர்கள். எனக்கு வேலை இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் ஓடுகிற படகு எஞ்சின்களில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எனக்கு இரண்டு பட்டறை, சொந்தமாக லேத்து. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எதில் கோளாறு என்று சொல்வேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் அந்த நாவல் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. ஆறு நீள நோட்டு. ஒரு நாளைக்கு நாலு பக்கம் எழுதினால் விரல் மடங்கிக்கொள்ளும். நாள் முழுக்க ஸ்பேனர் பிடித்தும் நோகாத கை, பேனா பிடித்தால் நோகிறது. மூன்று பிள்ளைகள், அவர்களே செய்த சக்கரத் தோணி, ஏரி நடுவே கடத்தல்காரர்கள் ஒளிந்திருக்கும் திட்டு. மீனைத் தரம் பிரிக்கும் சல்லடை எந்திரம், சேற்றில் கொக்கு மாதிரி நடக்கும் விளக்குக் கம்பம் என்று என்னென்னவோ போட்டிருந்தேன். எல்லாம் செய்தால் ஓடும். ஓடாததை நான் எழுதவில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் பேனா நின்றது. ஏனென்றால் அது கற்பனை இல்லை. சக்கரத் தோணியை நான் நிஜமாகவே செய்திருக்கிறேன்.

கோடையில் எங்கள் ஏரியில் பல இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். எஞ்சின் விசிறி சேற்றிலும் பாசியிலும் சிக்கிக்கொள்ளும். அதனால் இருபத்தைந்து வயதில், நெல் மில்லில் கழித்துப்போட்ட கப்பி, பெல்ட், தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் எல்லாம் வைத்து, தோணியின் பின்னால் பலகைச் சக்கரம் பூட்டினேன். கூட நின்றவன் ஏரிக்குள் தீவாக இருக்கிற பசியாவரத்துச் சிநேகிதன். தோணி அவனுடையது. சக்கரம் சுற்றியது, தோணி பறந்தது. கிளட்ச் மட்டும் நான் வைக்கவில்லை. நிறுத்த வேண்டுமானால் பெல்ட்டைக் கட்டையால் தட்டிவிட வேண்டும். தட்டினேன், கழலவில்லை. வரிசையாகக் குச்சி நட்டு வலை கட்டியிருந்த பாடு ஒன்றுக்குள் தோணி புகுந்து, ஒரு வலை பாக்கியில்லாமல் சுருட்டிக் கிழித்துவிட்டுத்தான் நின்றது.

பாடு என்றால் வலை கட்டும் இடமும், அதற்கான முறையும். சீட்டுப் போட்டு எடுத்து, இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு என்று ஊர் சொல்லும். ஊர்ப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்குத்தான் பாடு. நான் பட்டியலில் இல்லாதவன், பிழைக்க வந்த எஞ்சின்காரன். வலையைக் கிழித்தது நான் என்று தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்து கூடியது. "எஞ்சின் யார் கையில இருந்துச்சு?" என்று பெரியவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகிதன் எழுந்து, "என் கையில" என்றான். ஒரு வருடம் அவன் பெயரைச் சீட்டில் போடக்கூடாது என்று தீர்ப்பு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் பழவேற்காட்டில் என் முதல் பட்டறை எழும்பியது.

இத்தனை வருடம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாவலில் சொன்னேன். அதில் ஒரு பையன் வலையைக் கிழிக்கிறான், இன்னொருவன் பழியை ஏற்கிறான். கடைசியில் கிழித்தவன் ஊர் முன்னால் நின்று உண்மையைச் சொல்கிறான். படித்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இரண்டாம் வரியிலேயே விளங்கிவிடும். பஞ்சாயத்தில் பொய் சொன்னவன் என்று சிநேகிதனுக்குப் பெயர் வரும். அவன் சரி என்று சொல்லாமல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் பதிப்பகத்தார் அந்த வாரமே வேண்டும் என்று நின்றார்கள்.

பசியாவரத்துக்குப் படகில் போனேன். பாதி வழியில் படகு தரை தட்டியது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இந்த முட்டியோடு சேற்றில் இறங்கி ஏறியதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

சிநேகிதன் வாசலில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டிலும் பார்வை மங்கல். அவன் மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேஸ்திரி, இவ்ளோ தூரம்? இங்க எந்த எஞ்சினும் நின்னு போவலியே."

"கதை எழுதிருக்கேன். உனக்குப் படிச்சுக் காட்டணும்."

"நீயா? கதையா?" என்று சிரித்தான். "வாயாலயே அம்பது வருசமா சொல்லிக்கினு இருந்தே. பத்தலியா?"

"அண்ணே, அதுல நான் வர்றனா?" என்றாள் அவள்.

"இல்லம்மா."

"அப்ப இன்னா கதை அது!"

ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். தோணி வலைக்குள் புகுந்த இடத்தில் அவன் முகம் என் பக்கம் திரும்பியது. பஞ்சாயத்து வந்தபோது அவள் கை இறாலிலேயே நின்றது. முடித்துவிட்டுச் சொன்னேன்.

"உன் பேரு கெடும்னா எடுத்துடறேன். புக்கே வேணாம்னாலும் சரி."

"தீர்ப்பு சொன்ன பெருசுங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க. இனிமே பேரு கெட்டா இன்னா, கெடாட்டி இன்னா. அத்த விடு. தீர்ப்புக்கு அப்புறம் ஒரு வரி படிச்சியே, அத்த இன்னொரு தரம் படி."

தேடினேன். "'அப்படியே ஒரு வருடம் ஓடியது.'"

"ஓடுச்சா? எதுல ஓடுச்சு? உன் சக்கரத்துலயா?"

அந்த வரியிலிருந்து விரலை எடுத்தேன்.

"அந்த வருசம் நான் இன்னா பண்ணேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. நான் கேட்டதே இல்லை. பட்டறைக்குக் கூரை போடுவதிலேயே எனக்கு அந்த வருடம் போயிற்று. போய்ப் பார்த்தால் என்ன நினைப்பானோ என்று அந்த ஊர்ப் பக்கமே நான் போகவில்லை. அதையும் சொன்னேன்.

"ஓலைப் பறிக் கூடையைப் பல்லுல கடிச்சிக்கினு, சேத்துல உக்காந்து, கையால துழாவி எறா பொறுக்கினேன். பாடு கட்டுற குடும்பத்துல எவனும் செய்யாத வேலை. என் பங்காளிங்க தோணியில அந்தப் பக்கமாப் போவானுங்க. பாக்காத மாதிரி போவானுங்க. அதுதான் தாங்கல."

"நானும்தான் பொறுக்கினேன்" என்றாள் அவள். "மூத்தவ வயித்துல. இவரு சொல்ல மாட்டாரு. உள்ளங்கை பூரா கிளிஞ்சல் கீறினது."

"சரி மேஸ்திரி, கதை வரட்டும்" என்றான் அவன். "ஆனா அந்த ஒரு வரி ஆவாது. அந்த வருசம் முழுசா வரணும். நோட்டு இருக்கில்ல? எழுது."

எழுதினேன். அவன் மாதம் மாதமாகச் சொன்னான். "அது மாசி இல்ல, பங்குனி" என்று அவள் நடுநடுவே திருத்தினாள். ஐந்தாவது பக்கத்தில் விரல் மடங்கிக்கொண்டது. உதறினேன்.

"கை வலிக்குதா?"

"ஆமாபா."

"வலிக்கட்டும், எழுது."

கடைசிப் படகுக்குத்தான் கிளம்ப முடிந்தது. அவள் ஒரு பையில் இறால் போட்டுக் கொடுத்தாள்.

நோட்டுகளை அனுப்பிப் பத்து நாள் கழித்துப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. ஒன்பதாம் அத்தியாயம் நீளமாக இருக்கிறது, பாதிக்கு மேல் எந்திரமே வரவில்லை, பிள்ளைகள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள், பாதியாகக் குறைக்கலாமே என்றார்கள். மூடினால் மூடட்டும், ஒரு வரியும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நாவல் ஒரு வழியாக முடிந்த களைப்பில் போனை வைத்துவிட்டுப் படுத்தவன்தான், அன்று பட்டறைக்குப் போகவில்லை.