வீட்டார் எங்கே?

பக்காவு மீன் சந்தையில் திடா சன்யாங்கின் வாய்க்குப் பயப்படாதவர்கள் செத்தவர்களும் நானும்தான். என் பேர் நானோ. அவளுக்குப் பக்கத்துக் கடை. இரண்டு பேரும் புகை போட்ட மீன் விற்கிறோம். ஊரில் ஒரு பெண் இறந்துபோனால் குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுற்ற அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்கமாட்டாள். ஆனால் செத்தவள் மருமகளை என்ன பாடு படுத்தினாள் என்பதை அங்கேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள்.

அவளுக்கு ஒரே மகன், துமானி. படகில் கூலிக்குப் போனவன். குடிதண்ணீர் கேட்டு மறியல் நடந்த அன்று அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். என் கண்ணால் பார்த்தேன். நிலையத்தில் போய்க் கேட்டால், "அப்படி யாரையும் பிடிக்கவே இல்லையே" என்றார்கள், பாவிகள். மழைக்காலங்கள் வந்து போயின. திடா தினமும் ஒரு கிண்ணம் சோற்றை மூடிவைப்பாள். காலையில் அது ஆட்டுக்குப் போகும்.

"அவன் உயிரோட இருந்தா சோறு வைக்கணும், செத்திருந்தா தொழுகை வைக்கணும். ரெண்டுல எதுன்னு சொல்லித் தொலைங்கடா. வேற என்ன கேக்குறேன் நான்?" என்பாள்.

ஒரு வருடம் பல நாட்டு மனித உரிமை முறையீடுகளைக் கேட்கும் ஆணையம் எங்கள் கடற்கரை ஓட்டலில் கூடியது. தொண்டு நிறுவனங்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் பேசத் தருவார்கள். 'விடியல்' என்ற அமைப்பின் ஹவா ஜாலோ, கழுத்தில் அட்டை தொங்க, தன் மூன்று நிமிடத்தைத் திடாவுக்குக் கொடுக்க வந்தாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. நலம் விசாரிக்க ஆரம்பிச்சிடாதீங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் அதுலயே நேரத்தைத் தொலைச்சிடுறாங்க. நேரா விஷயத்துக்கு வந்துடுங்க."

"நலம் விசாரிக்காம வாயத் தொறக்க நான் என்ன கழுதையா?" என்றாள் திடா. ஹவா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

சந்தைப் பெண்கள் நாங்கள் பத்துப் பேர் துணைக்குப் போனோம். வாசலில் வைத்தே அரசுத் தரப்பு வக்கீல் அன்சுமானா ஜார்ஜு எதிரே வந்தார். எங்கள் தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்த பையன்தான். இப்போது கோட்டு, பின்னால் இரண்டு எடுபிடிகள். குழைந்து குனிந்து திடாவின் கையைப் பிடித்து, எங்கள் வழக்கப்படி குடும்பப் பேரை இரண்டு முறை சொல்லி நலம் விசாரித்தார்.

"சன்யாங், சன்யாங். வீட்டார் எங்கே?"

"இருக்காங்க."

"அண்ணன் தம்பியெல்லாம் எங்கே?"

"இருக்காங்க."

"துமானி எங்கே?"

"இருக்கான்."

எங்கள் ஊரில் 'எங்கே' என்று கேட்பதுதான் நலம் விசாரிப்பது; அதற்கு வேறு பதில் கிடையாது. வீட்டுக்குள் பிணம் கிடந்தாலும் வாசலில் கேட்பவருக்கு 'இருக்காங்க, சுகம்தான்' என்று முடித்துவிட்டுத்தான் அழுகையைத் தொடங்குவோம். ஜார்ஜுவுக்கு இது தெரியாதா? தாய்ப்பாலோடு குடித்த பழக்கம்!

உள்ளே போய் அந்த மனுஷன் மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா? "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காணாமல் போனதாகச் சொல்லப்படும் இளைஞன் இருக்கிறான் என்று அவன் தாயே சற்று முன் சாட்சிகள் முன்னால் என்னிடம் சொன்னார். இவனும் மற்றப் பையன்களைப் போலக் கள்ளப்படகில் ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளிநாட்டு ஆணையர்கள் திடாவை ஒரு மாதிரி பார்த்தார்கள். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று ஹவா பல்லைக் கடித்தாள். திடா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். அவள் கோபத்தில் கத்தினால் பயமில்லை. வாயை மூடினால்தான் பயம்.

அவள் முறை வந்தது. ஹவா எழுதிக் கொடுத்த தாளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, தலைவரை விட்டு ஜார்ஜு பக்கம் திரும்பினாள்.

"ஜார்ஜு, ஜார்ஜு. வீட்டார் எங்கே?"

"அய்யோ அம்மா, நேரம்..." என்று ஹவா முனகினாள். ஆனாலும் தலைவருக்கு ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எங்கள் பத்துப் பேர் கண்ணும் ஜார்ஜு மேல். நலம் கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது? மைக் பொத்தானை அழுத்தினார். "இருக்காங்க."

"பொண்டாட்டி எங்கே?"

"இருக்கா."

"பிள்ளைங்க எங்கே?"

"இருக்காங்க."

"அம்மா எங்கே?"

"இருக்காங்க."

எங்கள் வரிசையில் ஒருத்தி 'அல்லா!' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஜார்ஜுவின் முகம் வெளுத்தது. நாக்கு முந்திவிட்டது, பாவம்.

"உங்க அம்மாவ போன நோன்புக்கு முன்னாடி இந்தக் கையாலதான் குளிப்பாட்டினேன், ஜார்ஜு," என்றாள் திடா. "துணி சுத்தினதும் நான்தான். எங்க இருக்காங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

ஜார்ஜு தொண்டையைச் செருமினார். "மண்ணுல" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி. ஹவா அதையும் சத்தமாகச் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியுது. போய் நிக்க ஒரு இடம் இருக்கு. எனக்கும் அப்படி ஒரு பதில் வேணும். என் துமானி எங்கே?"

மூன்று நிமிடம் முடிந்து மைக் அணைந்தது. பதில் சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் ஜார்ஜுவிடம் கேட்டார். அவர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். ஹவா அழுதுகொண்டிருந்தாள். திடா மட்டும் அழவில்லை. வெளியே வந்து, "சிரிச்சுக்கிட்டே என் கையைப் பிடிச்சானே, நாய்!" என்று துப்பினாள்.

துமானி எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கிண்ணத்துச் சோறு இன்றைக்கும் ஆட்டுக்குத்தான் போகிறது. ஆனால் வீட்டார் எங்கே என்று கேட்டால் திடா ஒவ்வொருவராக 'இருக்காங்க' என்று சொல்லிவருவாள். துமானி எங்கே என்றதும் மீனைப் புரட்டிப் போட்டபடி பதில் சொல்வாள்:

"ஜார்ஜுவைக் கேளுங்க."