டீச்சருக்கு ஆப்பிள் மசியல்

ஹெப்சிபா ஆப்பிளின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். மெழுகு பூசிய தோல், கத்தி வழுக்கியது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பை ஆப்பிளோடுதான் வருவார்கள். படுத்திருப்பவரால் கடிக்க முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. ஆன்மேரி டீச்சர் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து மதுரை கோச்சடையிலுள்ள அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை.

நடுக்கொட்டையைக் கோதி எடுத்து, துண்டு போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஒரு சிட்டிகைப் பட்டைத்தூளும் சேர்த்து ஸ்லோ குக்கரில் போட்டு மூடினாள். பிரஷர் குக்கரில் பத்து நிமிட வேலைதான். ஆனால் விசில் அடித்தால் டீச்சருக்கு உடம்பு தூக்கிப்போடும். வாயிலிருக்கும் எச்சிலே புரையேறிவிடும். அதனால்தான் டீச்சரின் மகன் ஸ்டீவ் இந்தச் சத்தமில்லாத பாத்திரத்தை வாங்கித் தந்திருந்தான். அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். அதற்குள் டீச்சருக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துவிடலாம்.

அன்றைக்கு அந்த மசியல் உள்ளே இறங்கியாக வேண்டும். சில நாட்களாக டீச்சர் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு கிண்ணமாவது போகாவிட்டால், மறுநாள் காலை நர்ஸ் வந்து மூக்கு வழியாகக் குழாய் போடுவதாக ஏற்பாடு.

ஹெப்சிபாவுக்குக் குழாயைத் தெரியும். மூட்டை தூக்கிப் பிழைத்த அவள் புருஷன் கடைசியில் ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்தார். பிடுங்கினார், மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார். கையைக் கட்டச் சொன்னார்கள். கூட வேறு ஆள் இல்லை, அவளேதான் கட்டினாள். அடக்கம் முடிந்ததும் பிள்ளைகளை எழுமலையில் தாய் வீட்டில் விட்டுவிட்டு மதுரைக்கு வந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். சோறு கிடைக்கும் என்பதற்காகத்தான் சேர்ந்தாள். சேவை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதிலிருந்து எத்தனையோ வீடு, எத்தனையோ கட்டில்.

வெந்ததை மத்தால் மசித்து, வடிகட்டியில் தேய்த்து எடுத்தாள். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நிற்கிற பதம். டீச்சரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டாள்.

"எத்தன பிள்ளைகள வாய்ப்பாடு ஒப்பிக்க வச்சிருப்பீங்க டீச்சர்! நான் கேக்குறது ஒரே ஒரு வாய்தான்."

டீச்சர் வாயைத் திறந்தார். நாலு கரண்டி இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றே ஹெப்சிபா நினைத்தாள். ஐந்தாவதை டீச்சர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு நாக்கால் வெளியே தள்ளினார்.

"போதும்."

குரலில் கரகரப்பு இல்லை. தொண்டையில் எதுவும் நிற்கவில்லை.

"இன்னைக்குப் போதுமா டீச்சர், இனிமேலே போதுமா?"

"இனிமே." டீச்சர் நல்ல கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

ஸ்டீவ் வேலை முடிந்து வந்தான்.

"எம்புட்டுக்கா போச்சு?"

"நாலு கரண்டி. தொண்ட நல்லாத்தான் இருக்கு தம்பி. அவங்கதான் வேண்டாங்கிறாங்க."

"அவங்களுக்கு என்னக்கா தெரியும்?"

"உங்க பேரக் கேட்டேன், சொன்னாங்க. இது எந்த வீடுன்னு கேட்டேன், சொன்னாங்க. குழாய் வைக்கவான்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க."

"பெத்த தாயப் பட்டினி போட்டுக் கொன்னுட்டான்னு கோயில் முழுக்கப் பேசுவாங்கக்கா."

"பேசுறவங்க வந்து பீத்துணி அலசப் போறாங்களா?"

"நாளைக்குக் குழாய் போட்டுருவோம். அம்புட்டுத்தான்."

"போடுங்க. பிடுங்குவாங்க. கையக் கட்டணும். நான் கட்ட மாட்டேன் தம்பி, நீங்கதான் கட்டணும். எப்படின்னு காட்டித் தாரேன்."

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே பழைய பருத்தித் துண்டு ஒன்றைக் கிழித்து வந்து அவனிடம் கொடுத்தாள். "துணிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். இல்லேன்னா ரத்தம் கட்டிரும்."

ஸ்டீவ் அம்மாவின் நல்ல கையை எடுத்தான். பிடித்துக்கொள்ள வந்திருக்கிறான் என்று நினைத்து டீச்சர் அவன் விரல்களை இறுக்கிக்கொண்டார். அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். டீச்சர் துணியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவனால் முடிச்சுப் போட முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"குழாய் போடலேன்னா எம்புட்டு நாளுக்கா?"

"ஒரு வாரம். கூடக் கொஞ்சம் போகலாம். டாக்டர்ட்ட நீங்கதான் பேசணும்."

"நான் செய்றது சரியாக்கா?"

"தெரியல தம்பி."

மறுநாள் காலை ஸ்டீவ் டாக்டரிடம் பேசிவிட்டு, நர்ஸை வர வேண்டாம் என்று சொன்னான். பங்குச் சாமியாருக்கும் சென்னையிலிருக்கும் தம்பி ஜினோவுக்கும் போன் போட்டான். ஹெப்சிபா ஈரத்துணியால் டீச்சரின் வாயை உட்பக்கமாகத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவினாள். பிறகு சுத்தமான துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து ஸ்டீவிடம் கொடுத்து, விரலில் எப்படிச் சுற்றிக்கொள்வது என்று காட்டினாள்.