நாலு மணிக்கு லண்டன்

கடப்பாக்கத்தில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் கீற்றுக் கொட்டகையில் ஓர் இட்லிக் கடை. எல்லோருக்கும் பரிமாறுகிற கடைக்கார அம்மா ஒரு வாய் டீகூடக் குடிக்காமல், அடிக்கடி வானத்தைப் பார்க்கிறார்.

"நீங்க சாப்பிடலையாம்மா?"

"எம் பொண்ணு நர்சு வேலைக்கு டொரண்டோ போவுது சார். விடியக்காலைல அஞ்சு மணிக்கு பிளைட்டு ஏறிச்சு. அது எறங்கற வரிக்கும் துன்ன மாட்டேன். வூட்டுக்காரரு கடலுக்குப் போனாலும் அப்டித்தான். போட்டு கரைக்கு வந்தாதான் எனக்குச் சோறு. போட்டே மத்தியானம் திரும்பிடுது, பிளைட்டு அதுக்கு முன்னாடி பூடும்ல?"

சென்னையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. டொரண்டோ பதின்மூவாயிரம் கிலோமீட்டர் என்று யாரிடமும் சட்டென்று சொல்லிவிடுகிறவன், இவரிடம் தயங்குகிறேன்.

"நாளைக்குக் காலைல ஆயிடும்மா."

சட்னி வாளிக்குள் கரண்டி அப்படியே நிற்கிறது.

"செரி" என்கிறார். அடுத்த தட்டில் இட்லி வைக்கிறார். எனக்குத்தான் இட்லி இறங்கவில்லை.

"அஞ்சு மணி பிளைட்டுன்னா லண்டன் வழிம்மா. நம்ம டைம் சாயங்காலம் நாலு மணிக்கு அங்க எறங்கி, வேற பிளைட்டு மாறணும்."

"தரையில காலு வெக்குமா?"

"வெக்கும்மா."

கொஞ்சம் யோசிக்கிறார்.

"அப்ப நாலு மணிக்கு நானும் ரெண்டு துன்னுக்கறேன். அது மறுபடி ஏறினா நிறுத்திக்கறேன்."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறேன். இரண்டு இட்லியைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, அடுத்து வந்தவரிடம் மணி கேட்கிறார்.