ஒன்றரை அங்குலம்

வேல்ராஜின் பட்டறையில் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தது வேல்ராஜ் இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் கிதிர் முகம்மது. அறுபதைத் தொடப்போகிற மனுஷன், வெள்ளைச் சட்டையோடு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு ஸ்பிரிங் பட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குற்றாலம் ரோட்டில் சீசன் கூட்டம் ஹாரன் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"பாய், வெளிய வாங்க. சட்டையில கிரீசு பட்டா உங்க வீட்ல என்னையத்தான் வைவாங்க" என்றான் வேல்ராஜ்.

"பட்டை எல்லாம் படுத்துட்டுலே. வளைவே இல்ல, பலகை கணக்கா கெடக்கு."

"உங்க மகன் வயசு இருக்கும் இந்த வண்டிக்கு. படுக்காம என்ன செய்யும்?"

கிதிர் முகம்மது மேலகரத்துக்காரர்தான். ஆனால் வாலிபம் முழுவதும் கழிந்தது ஓமன் பாலைவனத்தில். தண்ணீருக்கு ஆழ்துளை போடுகிற ஒரு கம்பெனியில் டிரைவர். ரோடே இல்லாத இடத்தில் ரோடு இருப்பதுபோல ஓட்ட வேண்டும், அதுதான் வேலை. நன்றாகத் தூக்கிக் கட்டிய பெரிய வண்டி. ஏறி உட்கார்ந்தால் மணல் மேடெல்லாம் கீழே கிடக்கும். விடியற்காலையில் பானெட் சூட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, கூட்டாளி அஹ்சன் போட்டுத் தருகிற பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டு வெயில் ஏறுவதைப் பார்த்து நிற்பார்கள். அந்த விடியலுக்காக இப்போதும் அவர் ஏங்குவார். சம்பாதிக்கப் போன இடம்தானே, அதற்கென்ன ஏக்கம் என்று ஊரில் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த வண்டியின் பக்கத்துச் சீட்டில் சில நாள் மேப்போடு ஒரு இன்ஜினியர் இருப்பார். பல நாள் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போதெல்லாம் காலிச் சீட்டைப் பார்த்து, "ஷரீபு, இந்த மேட்டுல எப்படி ஏத்துதேன் பாரு" என்று பேசிக்கொண்டே ஓட்டுவார். ஷரீபுன்னிசா அவர் மனைவி. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவில் வந்து போகிற புருஷனை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவள். அவளை அங்கே அழைத்துப் போகிற அளவுக்கு அவருக்குச் சம்பளம் கடைசிவரை வாய்க்கவில்லை. லீவில் வந்தால் வாடகைக் காரில் பின் சீட்டில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துப் போவார்கள். அவர் ஓட்டி அவள் பார்த்ததே கிடையாது. யா அல்லா, ஒரே ஒரு தடவை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டிவிட வேண்டும்! ஊருக்கே திரும்பி வந்தபோது பெட்டியில் என்ன கொண்டுவந்தாரோ, மனசில் கொண்டுவந்தது இது ஒன்றைத்தான்.

அதற்குத்தான் இந்தப் பழைய டீசல் ஜீப். நல்ல காராக வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கூட்டிப்போக நினைத்த இடத்துக்குக் கார் போகாது. மலையடிவாரத்தில் ஷரீபுன்னிசாவுக்கு அவள் வாப்பா எழுதிக் கொடுத்த எலுமிச்சைத் தோப்பு இருக்கிறது. முழங்கால் வலி வந்த பிறகு அவள் அங்கே போகவில்லை. தோப்புக்கு முன்னால் ஒரு ஓடை. ஓடை முழுக்க உருண்டைக் கற்கள். தனியாகப் போய்ப் பார்த்தபோது ஜீப்பின் வயிறு கல்லில் உட்கார்ந்துகொண்டது. ஆக, வண்டியைத் தூக்க வேண்டும்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் முஃபீத் போனில் சொன்னான். "வாப்பா, ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பர் எல்லாஞ் சேத்து ரெடிமேடா கிட்டு கெடைக்கு. நான் வாங்கி அனுப்புதேன்." விலையைக் கேட்டார். இன்னொரு பழைய ஜீப்பே வாங்கிவிடலாம். நான் வெயிலில் நின்றது போதாதென்று இவன் நிற்கிறான், அந்தக் காசு என் ஜீப்புக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"கிட்டு இல்லாம, கையக் கடிக்காம தூக்கணும். வழி சொல்லு" என்றார் வேல்ராஜிடம்.

"வழியா இல்ல? பட்டையக் கழத்தி, வளைவு ஏத்தி, கூட ஒரு பட்டை சேத்துப் போடலாம். ஒன்றரை அங்குலம் எந்திரிக்கும். இல்லன்னா பட்டை தொங்குத ஷாக்கிள நீளமாப் போடலாம். செலவு கம்மிதான், ஆனா ஸ்டியரிங் கையில நிக்காது. அதுவும் வேண்டாம்னா..." வேல்ராஜின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வெல்டிங் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "உங்க வண்டியில பட்டை ஆக்சிலுக்குக் கீழ கெடக்கு. அதத் தூக்கி ஆக்சிலுக்கு மேல வச்சிருவோம். பட்டை பழசே போதும், வெல்டிங் கூலிதான். நாலு அங்குலத்துக்குக் கொறையாது பாய், ஜம்முனு நிக்கும்!"

"எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகையில?"

"அத அப்பப் பாப்பமே!"

கிதிர் முகம்மது மறுநாளே ஓடைக்குப் போய்ப் பெரிய கல்லைக் கயிறு வைத்து அளந்தார். ஒன்றரை அங்குலம் என்றால் உரசும். கல்லைப் பார்த்து, வழி பிடித்து, பொறுமையாக ஓட்டினால் தப்பலாம். நாலு அங்குலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் உண்மை அது மட்டும் இல்லை. நாலு அங்குலம் என்று வேல்ராஜ் சொன்னவுடனேயே மனுஷன் மறுபடியும் அந்த மணல் மேட்டுக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டார். அளக்க வேண்டியதையெல்லாம் அளந்தவர், வீட்டில் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மூச்சு வாங்க ஏறுகிறாளே, அதை மட்டும் மறந்தார்.

நாலு அங்குலத்துக்கே சரி சொல்லிவிட்டார். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவே பார்த்தது. "பாய், மாடி கட்டிட்டியளா!" என்று எதிர்வீட்டு பரமேஸ்வரன் கேலி செய்தார். கிதிர் முகம்மதுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஷரீபு, கெளம்பு! தோப்புக்குப் போவோம்."

அவள் புது புர்கா போட்டுக்கொண்டு, டப்பாவில் வட்டலப்பம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள். வலது காலைத் தூக்கினாள், எட்டவில்லை. இடது காலைத் தூக்கினாள். பாதியிலேயே முகம் சுருங்கிவிட்டது. அவர் ஓடிப்போய் முக்காலி கொண்டுவந்து போட்டார். முக்காலியில் ஏறி நின்றவளுக்கு அது ஆடியவுடன் பயம் வந்துவிட்டது. பின்னாலிருந்து தூக்கிவிடலாம் என்று அவர் கை கொடுக்க, தெருவே பார்க்கிறதே என்று அவள் உதறிவிட்டு இறங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வலியினாலோ வெட்கத்தினாலோ.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்றாள்.

கிதிர் முகம்மது முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தார். லீவு முடிந்து கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் இதே வாசலில், இதே குரலில், இதையேதான் சொல்லுவாள். அப்போதெல்லாம் போனது வயிற்றுப்பாட்டுக்கு. இப்போது யார் போகச் சொன்னார்கள்? அட மடையா என்று தன்னையே வைதுகொண்டார். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு எனக்காக அல்லவா இதைத் தூக்கினேன்!

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனார். "எறக்குலே."

வேல்ராஜ் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டான். "வெளாடுதியளா பாய்? எம்புட்டு அம்சமா நிக்கி! இதப் பாத்துட்டு குத்தாலத்துலேருந்து ரெண்டு பேரு கேட்டுட்டுப் போனாங்க."

"அவளால ஏற முடியலைலே."

வேல்ராஜுக்குப் புரிந்தது. அவன் வீட்டிலும் முழங்கால் வலிக்காரி ஒருத்தி, அவன் அம்மா, இருந்தாள். யார் ஏறப்போகிறார்கள் என்று கேட்காமல் வெல்டிங்கைப் பற்றவைத்தது தன் தப்பும்தான் என்று முனகிக்கொண்டே இறக்கினான். பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, கூட ஒன்று சேர்த்துப் போட்டான். சொன்னபடி ஒன்றரை அங்குலம். பக்கவாட்டில் அகலமாக ஒரு கால்படியும், பிடித்து ஏற ஒரு கம்பியும் அவனாகவே வைத்துக் கொடுத்தான்.

அடுத்த வாரம் ஷரீபுன்னிசா கம்பியைப் பிடித்தாள், படியில் கால் வைத்தாள், ஏறி உட்கார்ந்தாள். "இதுக்கா அம்புட்டுப் பாடு?" என்றாள். அவ்வளவுதான். கிதிர் முகம்மது வண்டியை எடுத்தார்.

ஓடையில் மலைச் சாரல் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிக் கைலியை மடித்துக் கட்டினார். டயர் கல்லைக் கவ்வட்டும் என்று கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டார். தண்ணீருக்குள் நடந்து ஒவ்வொரு கல்லாகக் காலால் மிதித்துப் பார்த்தார். இரண்டு கற்களை மூச்சுப் பிடித்துப் புரட்டித் தள்ளினார். திரும்பி வந்து உட்கார்ந்து வண்டியை நகர்த்தினார். முன் சக்கரம் கல்லில் ஏறியது, நிறுத்தினார். ஸ்டியரிங்கை நூல் அளவு திருப்பினார். பின் சக்கரம் ஏறியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "அல்லாவே!" என்று ஷரீபுன்னிசா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அடியில் கல் கரகரவென்று உரசியது. அவர் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. மெல்ல, மெல்ல, ஜீப் அக்கரையில் ஏறி நின்றது.

 பயந்துவிட்டாளோ என்று கிதிர் முகம்மது பதறிப்போய்த் திரும்பினார். அழுதுகொண்டிருந்தாள்.

"என்னட்டி? கால் வலிக்கா?"

"தெனமும் இப்படித்தான் ஓட்டுனியளா?"

"அங்கன மணலு. இதவிட மோசம்."

"போன்ல கேக்கையிலலாம், சும்மா சீட்ல உக்காந்திருக்கிற வேலதான், ஒரு கஷ்டமும் இல்லன்னு சொல்லுவிய. நான் அத நம்பிக்கிட்டு, அது வாங்கிட்டு வாங்க, இது வாங்கிட்டு வாங்கன்னு உங்கள்ட்ட சண்டை போட்டேனே."

"உனக்கு உறக்கம் போயிரும்னுதான் சொல்லல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் காலிச் சீட்டைப் பார்த்துப் பேசியவர், இப்போது பக்கத்துச் சீட்டில் இருக்கிறவளைப் பார்த்தார். தோப்பு எதிரிலேயே இருந்தது. எலுமிச்சை வாசம் வண்டிக்குள் வந்தது. இறங்கட்டும் என்று அவர் இன்ஜினை அணைக்கப் போனார்.

"அணைக்காதிய" என்றாள் ஷரீபுன்னிசா. "அந்தப் பெரிய கல்லு வந்தவுடனே பயத்துல கண்ண மூடிட்டேன். பாதிதான் பாத்தேன். வண்டியத் திருப்புங்க, நீங்க ஓட்டுதத ஒரு தடவ முழுசாப் பாக்கணும்."

கிதிர் முகம்மது வண்டியைத் திருப்பினார்.